ஒரே சிப், இரண்டு பெயர்: டிரைவரைத் திருத்தியவர்களின் கதை



உங்கள் கணினிக்குள் இருக்கும் பாகங்களுக்கு அடையாள எண்கள் உண்டு, நமக்குப் பாஸ்போர்ட் எண் இருப்பது மாதிரி. எண்ணின் முதல் பகுதி அதைச் செய்த கம்பனியைச் சொல்லும். அடுத்த பகுதி மாடலைச் சொல்லும். இன்டெல் கம்பனியின் எண் 8086. 1978இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற புரொசெசரின் பெயரும் அதுதான். ஏ.டி.ஐ. கம்பனியின் எண் 1002. அந்தக் கம்பனியை ஏ.எம்.டி. 2006இல் வாங்கிவிட்டது. ஆனாலும் ஏ.எம்.டி.யின் கிராபிக்ஸ் சிப்கள் இன்றும் 1002 என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கின்றன.

விண்டோஸ் ஒரு புதிய பாகத்தைப் பார்த்ததும் "நீ யார்?" என்று கேட்கும். பாகம் தன் எண்ணைச் சொல்லும். விண்டோஸ் தன்னிடம் உள்ள பட்டியல்களில் அந்த எண்ணைத் தேடும். இருந்தால் "வா, உனக்கான டிரைவர் இதோ" என்னும். இல்லாவிட்டால் "உன்னை எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடும்.

அந்தப் பட்டியலைத் திறந்து, தங்கள் கணினியின் எண்ணைத் தாங்களே எழுதிச் சேர்த்தவர்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அவர்களில் பெரும்பாலானவர்கள் கேம் விளையாட விரும்பியவர்கள். ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி கேமைவிடப் பெரியது. காசு கொடுத்து வாங்கிய பொருள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று முடிவு செய்வது யார்?

டிரைவர் யார்?

டிரைவர் என்றதும் பஸ் சாரதி நினைவுக்கு வரலாம். கணினியில் டிரைவர் செய்யும் வேலை வேறு. அது ஒரு மொழிபெயர்ப்பாளர்.

அம்மம்மாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போன அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். அம்மம்மா தமிழில் சொல்லுவார். நீங்கள் அதை ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொல்லுவீர்கள். டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நீங்கள் சரியாகச் சொன்னால்தான் அவரால் சரியான மருந்து தர முடியும். கேமுக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் நடுவில் டிரைவர் செய்வது இதே வேலைதான். "இந்த முக்கோணத்தை வரை, இந்த நிறத்தைப் பூசு, இங்கே நிழல் போடு" என்று கேம் சொல்லும். டிரைவர் அதைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும். இதை ஒவ்வொரு வினாடியும் பல தடவை புதிதாகச் செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளர் மந்தமானவர் என்றால், எவ்வளவு வேகமான சிப்பும் மந்தமாகத்தான் தெரியும்.

கேமுக்கு வேகம் முக்கியம். ஒரு கோடு கொஞ்சம் தவறினாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு பாலத்தையோ விமானத்தின் பாகத்தையோ கணினியில் வரையும் பொறியியலாளருக்கு ஒவ்வொரு கோடும் சரியாக இருக்க வேண்டும். அதனால் ஒரே சிப்புக்கு இரண்டு வகை மொழிபெயர்ப்பாளர்கள் உருவானார்கள். கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஒரே சிப்புக்கு இரண்டு பெயர்

1990களின் தொடக்கத்தில் நல்ல முப்பரிமாணப் படம் வேண்டுமென்றால் சிலிக்கொன் கிராபிக்ஸ் கம்பனியின் வேர்க்ஸ்டேஷன் வேண்டும். 1993இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் கணினி டைனோசர்கள் அந்த இயந்திரங்களில்தான் உருவாயின. விலை சாதாரண வீட்டுக்கு எட்டாது.

அதே 1993இல் கலிபோர்னியாவில் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகவ்ஸ்கி, கர்ட்டிஸ் பிரீம் என்ற மூன்று பேர் என்விடியா கம்பனியைத் தொடங்கினார்கள். 1996இல் 'குவேக்' என்ற கேம் வந்தது. கேம் விளையாடுகிறவர்கள் முப்பரிமாண கார்ட்களைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள். 1999இல் என்விடியா 'ஜீபோர்ஸ் 256' என்ற கார்ட்டை வெளியிட்டது. வேர்க்ஸ்டேஷன்கள் செய்த வேலையில் ஒரு பெரிய பகுதியை இப்போது ஒரு கேம் கார்ட் செய்தது.

என்விடியா அடுத்துச் செய்ததுதான் முக்கியம். அதே குடும்பச் சிப்பை வைத்து 'குவாட்ரோ' என்ற இன்னொரு கார்ட்டையும் விற்றது. ஜீபோர்ஸ் விளையாடுகிறவர்களுக்கு, குவாட்ரோ பொறியியலாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும். குவாட்ரோவின் விலை பல மடங்கு அதிகம்.

இதை ஏமாற்று என்று உடனே சொல்லிவிட முடியாது. குவாட்ரோ வாங்குகிறவர் வெறும் சிப்பை மட்டும் வாங்குவதில்லை. வடிவமைப்பு மென்பொருள்களோடு சோதித்துச் சான்று பெற்ற டிரைவர், நீண்ட கால உதவி, பல மாடல்களில் அதிக நினைவகம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். ஆனாலும் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிப் ஒன்றுதான் என்றால், "நான் ஜீபோர்ஸ்" என்று சொல்வதா "நான் குவாட்ரோ" என்று சொல்வதா என்று கார்ட்டுக்கு எப்படித் தெரிகிறது?

பதில் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையானது. அந்தக் காலக் கார்ட்களில் சில மிகச் சிறிய ரெசிஸ்டர்கள் எந்த இடத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்து கார்ட் சொல்லும் அடையாள எண் மாறியது. கை நடுங்காமல் சோல்டரிங் செய்யத் தெரிந்தவர்கள் அந்த ரெசிஸ்டர்களை இடம் மாற்றினார்கள். ஜீபோர்ஸாகப் படுத்த கார்ட் குவாட்ரோவாக எழுந்தது.

பிறகு சோல்டரிங்கும் தேவைப்படவில்லை. ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்ஸி நிகொலாய்ச்சுக் என்ற புரோகிராமர் 'ரிவாட்யூனர்' என்ற மென்பொருளை எழுதினார். 2000களின் தொடக்கத்தில் அதிலிருந்த ஒரு வசதி, கார்ட்டைத் தொடாமலே டிரைவர் அதைக் குவாட்ரோ என்று நம்பும்படி செய்தது. இன்று உங்களில் பலர் பயன்படுத்தும் 'எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பேர்னர்' அந்த ரிவாட்யூனரின் வழியில் வந்ததுதான்.

கேமின் பெயரை மாற்றிப் பார்த்தார்கள்

பட்டியலைப் பார்த்து நடந்துகொள்வது விண்டோஸ் மட்டும் அல்ல. டிரைவருக்குள்ளும் பட்டியல்கள் இருக்கின்றன. அது வெளியே தெரிய வந்தது 2001 ஒக்டோபரில்.

ஏ.டி.ஐ. அப்போது 'ரேடியொன் 8500' என்ற கார்ட்டை வெளியிட்டிருந்தது. 'குவேக் 3' கேமில் அது நல்ல வேகம் காட்டியது. சிலர் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். கேமின் கோப்பில் 'குவேக்' என்று இருந்த பெயரை 'குவாக்' என்று மாற்றினார்கள். வேறு எதையும் தொடவில்லை. வேகம் குறைந்தது! ஓடுவது குவேக் 3 என்று பெயரை வைத்தே டிரைவர் கண்டுபிடித்து, அந்தக் கேமுக்கு மட்டும் படத்தின் தரத்தைச் சத்தமில்லாமல் குறைத்து வேகத்தைக் கூட்டியிருந்தது.

பெரிய சண்டை வந்தது. பிறகு ஏ.டி.ஐ. புதிய டிரைவர் வெளியிட்டது. அதில் படத்தின் தரம் திரும்பி வந்தது. வேகமும் பெரிதாகக் குறையவில்லை. அதாவது, நேர்மையாகவே செய்திருக்கலாம்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இன்று என்விடியாவும் ஏ.எம்.டி.யும் ஒரு பெரிய கேம் வெளியாகும் நாளிலேயே புதிய டிரைவர் தருகின்றன. அந்தக் கேமை அடையாளம் கண்டு, அதற்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும் குறிப்புகள் அதில் இருக்கும். 2001இல் திருட்டுத்தனமாக நடந்த ஒன்று, தரத்தைக் குறைக்காமல் வெளிப்படையாகச் செய்யப்பட்டபோது சேவையாக மாறியது. கேம் விளையாடுகிறவர்கள் புதிய டிரைவருக்காக ஏங்குவது இதனால்தான்.

மடிக்கணினியில் மட்டும் ஏன் பிரச்சினை?

மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் என்விடியாவிடமிருந்து நேரே டிரைவர் எடுக்கலாம். மடிக்கணினிக்கு அது இல்லை. "உங்கள் மடிக்கணினியைச் செய்த கம்பனியிடம் கேளுங்கள்" என்பதுதான் பல வருடங்கள் பதிலாக இருந்தது. அந்தக் கம்பனியோ மாடல் வெளியானபோது ஒரு டிரைவர் தரும். பிறகு ஒன்றோ இரண்டோ வரலாம், வராமலும் போகலாம். அடுத்த வருடம் புதிய கேம் வரும். உங்கள் சிப்பால் அதை ஓட்ட முடியும். ஆனால் மொழிபெயர்ப்பாளர் பழைய ஆள்.

வேர்க்ஸ்டேஷன் மடிக்கணினி என்றால் சிக்கல் இரட்டிப்பு. டெல் பிரிசிஷன், எச்.பி.யின் வேர்க்ஸ்டேஷன் எலைட்புக், லெனோவோவின் திங்பேட் டபிள்யூ வரிசை போன்றவற்றில் குவாட்ரோ சிப் இருக்கும். அதன் டிரைவர் பொறியியல் மென்பொருளுக்காகச் சோதிக்கப்பட்டது. அடிக்கடி மாறாமல் இருப்பதே அதன் சிறப்பு. பாலம் வரைகிறவருக்கு அது வரம். கேம் விளையாட நினைக்கும் மாணவருக்கு அது சாபம்.

விண்டோஸ் டிரைவர் ஒன்றைத் தரவிறக்கிப் பிரித்தால் 'ஐ.என்.எஃப்' என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். பெயர் பயமாக இருந்தாலும் அது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். உள்ளே நீளமான பட்டியல்: எந்த அடையாள எண்ணுக்கு எந்தப் பெயர், எந்த அமைப்பு. மடிக்கணினிகளில் எண் இன்னும் நீளம். சிப்பின் எண்ணோடு மடிக்கணினியைச் செய்த கம்பனியின் எண்ணும் சேர்ந்திருக்கும். அதனால் ஒரே சிப் இருந்தும் டெல்லுக்குப் பொருந்தும் டிரைவர் எச்.பி.யில் ஏறாது. பட்டியலில் அந்த வரி இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியைச் சேர்த்தால்? டிரைவர் ஏறிவிடும்! பல தடவைகளில் நன்றாகவும் ஓடும்.

2000களில் 'லப்டொப் வீடியோ டூ கோ' என்ற குழு இதையே பெரிய அளவில் செய்தது. என்விடியாவின் ஒவ்வொரு புதிய டிரைவருக்கும் மடிக்கணினி எண்கள் சேர்த்த ஐ.என்.எஃப். கோப்பு ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தார்கள். ஏ.டி.ஐ. பக்கத்தில் 'மொபிலிட்டி மோடர்' என்ற சிறிய மென்பொருள் அந்த வேலையைச் செய்தது. 'ஒமேகா டிரைவர்' என்ற இன்னொரு தொகுப்பும் புகழ் பெற்றிருந்தது. இந்தக் குழுக்கள் டிரைவரின் உள் இயந்திரத்தைப் புதிதாக எழுதவில்லை. பெரும்பாலும் பட்டியலையும் அமைப்புகளையும்தான் மாற்றின.

2008 டிசம்பரில் என்விடியா மடிக்கணினிகளுக்கான டிரைவரைத் தானே நேரடியாக வெளியிட ஆரம்பித்தது. முதலில் சோதனைப் பதிப்பாக வந்தது. சில கம்பனிகளின் மாடல்கள் அப்போதும் விலக்கப்பட்டிருந்தன. ஆனாலும் கதவு திறந்தது. பல வருடங்கள் சாதாரண ஆட்கள் கையால் எழுதிச் சேர்த்த வரிகளைக் கடைசியில் கம்பனியே எழுதத் தொடங்கியது.

நம் வீடுகளிலும் இது நடந்தது

இது வெள்ளைக்காரப் பையன்களின் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். உங்கள் அப்பா அம்மாவிடம் 'பாமினி' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

1990களின் விண்டோஸுக்குத் தமிழ் தெரியாது. யூனிகோட் தரத்தில் 1991இலேயே தமிழ் இடம் பெற்றுவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வரும் வரை சாதாரண விண்டோஸ் கணினி அதைக் காட்டவில்லை. அதற்காக நம்மவர்கள் காத்திருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்கள் செய்தார்கள். பாமினி அப்படிப்பட்ட ஒன்று. அதில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் 'அம்மா' என்று வரும். கணினியைப் பொறுத்தவரை அது ஏதோ பொருளில்லாத ஆங்கில எழுத்து வரிசை. நமக்கு அது அம்மா.

புலம்பெயர்ந்த தமிழர்களின் பத்திரிகைகளும் கோவில் அறிவித்தல்களும் கல்யாண அழைப்பிதழ்களும் இந்த வழியில் உருவாயின. ஒரு குறையும் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரியும். அந்த வகைக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் முடியவில்லை.

ஐ.என்.எஃப். திருத்தியவர்களும் பாமினி செய்தவர்களும் ஒரே தந்திரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். இயந்திரத்தால் முடியும், பட்டியலில் நம் பெயர் இல்லை. அப்படியென்றால் பட்டியலை மாற்று. தற்காலிகத் தீர்வுதான். ஆனால் உண்மையான தீர்வு வரும் வரை மொழியைக் கணினியில் உயிரோடு வைத்திருந்தது அந்தத் தற்காலிகத் தீர்வு.

கம்பனிகளுக்கும் பயனர்களுக்கும் நடந்த சண்டைகள்

எல்லாக் கம்பனிகளும் இதைப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மூன்று சம்பவங்கள் சொல்கிறேன்.

முதலாவது, கிராபிக்ஸ் கார்ட்டின் தம்பியான சவுண்ட் கார்ட்டைப் பற்றியது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பனி 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்ட்களுக்குப் பெயர் போனது. 2007இல் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது, முன்பு வேலை செய்த சில வசதிகள் அதன் டிரைவரில் இல்லை. பிரேசிலைச் சேர்ந்த ஒருவர் டிரைவரைத் திருத்தி அந்த வசதிகளைத் திரும்பக் கொண்டுவந்தார். விரும்பியவர்களிடம் நன்கொடையும் கேட்டார். 2008 மார்ச்சில் அவரை நிறுத்தச் சொல்லி கம்பனியின் துணைத் தலைவர் ஒருவர் பகிரங்கமாக எழுதினார். வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். "நாங்கள் வாங்கிய கார்ட்டை வேலை செய்ய வைத்தவரையா திட்டுகிறீர்கள்?" என்பதுதான் அவர்களின் கோபம். கம்பனி தன் பிடியைத் தளர்த்த வேண்டி வந்தது.

இரண்டாவது, 2015 பெப்ரவரியில் நடந்தது. மடிக்கணினிகளில் இருந்த ஜீபோர்ஸ் 900 வரிசைச் சிப்களின் வேகத்தைப் பயனர்கள் தாங்களே கூட்டிக்கொள்வதை என்விடியாவின் ஒரு டிரைவர் தடுத்துவிட்டது. நேற்று வரை முடிந்த ஒன்று, ஒரு அப்டேட்டுக்குப் பிறகு முடியவில்லை. எதிர்ப்பு பலமாக இருந்தது. சில நாட்களுக்குள்ளேயே, அடுத்த மாத டிரைவரில் வசதியைத் திருப்பித் தருவோம் என்று கம்பனி சொன்னது.

மூன்றாவது, 2017இல். அந்த வருடம் ஏ.எம்.டி. 'வேகா பிரொண்டியர்' என்ற கார்ட்டை விற்றது. அதன் டிரைவரில், வேலைக்கு ஒரு நிலை, கேமுக்கு ஒரு நிலை என்று மாற்றிக்கொள்ளும் வசதியை ஏ.எம்.டி.யே வைத்திருந்தது. கொஞ்ச நாளில் என்விடியா தன் 'டைட்டன் எக்ஸ்.பி.' கார்ட்டுக்கு ஒரு புதிய டிரைவர் தந்தது. 'மாயா' போன்ற வடிவமைப்பு மென்பொருள்களில் 3 மடங்கு வரை வேகம் கூடும் என்று அறிவித்தது. கார்ட் அதேதான். ஒரு திருகாணி கூட மாறவில்லை. அந்த வேகம் முதல் நாளிலிருந்தே கார்ட்டுக்குள் இருந்தது. போட்டியாளர் வந்த பிறகுதான் கம்பனி அதைத் திறந்து விட்டது.

திருத்தியவர்கள் பல வருடங்களாகச் சொல்லி வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கம்பனி சொல்வதிலும் நியாயம் உண்டு

நான் பொறியியல் படித்தவன். அதனால் மற்றப் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது.

மடிக்கணினி என்பது நெருக்கமான வீடு. சிப், பட்டரி, திரை எல்லாம் ஒரு மெல்லிய பெட்டிக்குள். சிப் எவ்வளவு சூடாகலாம், விசிறி எப்போது சுற்ற வேண்டும் என்பதெல்லாம் அந்த மாடலுக்கென்று கணக்கிடப்பட்டவை. 2008இல் என்விடியாவின் சில மடிக்கணினிச் சிப்கள் அவற்றைப் பொதித்த பொருளின் பலவீனத்தால் வழக்கத்துக்கு அதிகமாகப் பழுதாகின. அந்தச் செலவுக்காகக் கம்பனி 19 கோடியே 60 இலட்சம் அமெரிக்க டொலரை ஒதுக்கியது. சூடாகிக் குளிர்ந்து மீண்டும் சூடாவதுதான் அந்தச் சிப்களின் எதிரி. விசிறி முன்கூட்டியே சுற்றும்படி மடிக்கணினிக் கம்பனிகள் அப்டேட் கொடுத்தன. வெப்பம் கதை அல்ல, உண்மை.

பாதுகாப்பும் அப்படித்தான். டிரைவர் விண்டோஸின் மிக உள்ளே, கேர்னல் என்ற இடத்தில் ஓடுகிறது. அங்கே நுழைந்த நிரல் எதையும் பார்க்கலாம், எதையும் மாற்றலாம். அதனால்தான் 64 பிட் விஸ்டாவிலிருந்து கேர்னல் டிரைவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமானது. ஐ.என்.எஃப். கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்தத் தொகுப்பின் கையொப்பம் பொருந்தாது. கடிதத்தின் முத்திரையை உடைத்தது மாதிரி. 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து இந்தச் சோதனை இன்னும் கடுமையானது. முத்திரை உடைந்த டிரைவரை ஏற்ற வேண்டுமென்றால், சோதனையையே நிறுத்தி வைத்துக் கணினியைத் திரும்பத் தொடங்க வேண்டும்.

ஆனால் கையொப்பம் இருந்தால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. 2010இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஸ்டக்ஸ்நெட்' என்ற கணினிப் புழு உண்மையான கம்பனிகளிடமிருந்து திருடிய கையொப்பங்களோடு வந்தது. 2016இல் 'ஸ்ட்ரீட் பைட்டர் 5' கேமின் ஒரு அப்டேட், முறையாகக் கையொப்பமிட்ட டிரைவர் ஒன்றைப் பயனர்களின் கணினிகளில் போட்டது. ஏமாற்றி விளையாடுகிறவர்களைத் தடுக்க வந்த அந்த டிரைவர், எந்த மென்பொருளும் கேர்னலுக்குள் நுழையும்படி ஒரு ஓட்டையைத் திறந்து வைத்திருந்தது. கேம் கம்பனி அதை அவசரமாகத் திரும்பப் பெற்றது.

கையொப்பம் "இது யாருடையது" என்று சொல்லும். "இது நல்லதா" என்று சொல்லாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள். கணினிக்கு வெளியேயும் உதவும்.

மங்கரேயில் இருந்து பார்த்தால்

இந்த வரலாறு நமக்கு ஏன் முக்கியம்? காரணம் விலை.

இங்கே ஒக்லாந்தில் பெரிய அலுவலகங்கள் மடிக்கணினிகளைச் சில வருடங்களுக்கு வாடகைக்கு எடுக்கும். காலம் முடிந்ததும் அவை 'எக்ஸ்-லீஸ்' என்ற பெயரில் ட்ரேட் மீயிலும் கடைகளிலும் மலிவாக வரும். அவற்றில் வேர்க்ஸ்டேஷன்களும் உண்டு. உறுதியான உடம்பு, நல்ல திரை, குவாட்ரோ சிப். புதிய கேமிங் மடிக்கணினி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு நல்ல வாய்ப்பு. பள்ளிக்கூட வேலையும் ஓடும், கேமும் ஓடும்.

"அண்ணா, டிரைவரைத் திருத்த வேண்டுமா?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில், தேவையா என்று பாருங்கள். இன்று குவாட்ரோவுக்கான டிரைவரையும் என்விடியா நேரடியாகவே தருகிறது. பழைய டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாலே பலருக்கு வேண்டியது கிடைத்துவிடும். அந்தக் காலத்தில் திருத்திய டிரைவரால் கிடைத்த வேகத்தில் பெரும்பகுதி, பெயர் மாறியதால் வந்தது அல்ல, டிரைவர் புதியதானதால் வந்தது. சிப்புக்குள் இல்லாத பலத்தை எந்தப் பட்டியலும் தராது.

இரண்டாவது, தூசியைப் பாருங்கள். பல வருடம் அலுவலகத்தில் ஓடிய விசிறியைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினாலே வேகம் கூடலாம். சிப் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும்.

மூன்றாவது, யாரோ திருத்தி வைத்த டிரைவரை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். கம்பனியின் டிரைவரை எடுத்து, ஐ.என்.எஃப். கோப்பைத் திறந்து, எந்த வரி மாறுகிறது என்று உங்களுக்கே புரிந்த பிறகு யோசியுங்கள். கையொப்பச் சோதனையை நிறுத்தி வைத்தால் 'வேலரன்ட்' போன்ற சில கேம்கள் ஓடவும் மாட்டா. வீட்டுக் கணக்குகளும் வங்கி வேலையும் நடக்கும் கணினியில் இதைச் செய்யவே வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நியூசிலாந்தின் 1994ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2008இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர், அதைப் பயன்படுத்துவதற்குத் தேவையானால், உதாரணத்துக்குப் பிழையைத் திருத்த, அதை மாற்றிக்கொள்ள அது இடம் தருகிறது. பிழையில்லாத பிரதி நியாயமான காலத்தில், வழக்கமான விலையில் கிடைக்காதபோதுதான் இது பொருந்தும். மாற்றியதை ஊருக்கெல்லாம் பகிர்வது வேறு விஷயம். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் உங்கள் பொருளைத் திருத்துவது பற்றி இந்த நாட்டின் சட்டமே யோசித்திருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.

பட்டியலை எழுதுகிறவர்கள்

'குவாட்ரோ' என்ற பெயரை என்விடியா 2020இல் புதிய கார்ட்களில் இருந்து எடுத்துவிட்டது. 2022 மே மாதம் லினக்ஸுக்கான தன் டிரைவரின் கேர்னல் பகுதியின் மூல நிரலையும் வெளியிட்டது. பத்து வருடம் முன்பு, 2012இல், லினக்ஸை உருவாக்கிய லீனஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் ஒரு மேடையில் நின்று கமராவைப் பார்த்து நடுவிரல் காட்டி என்விடியாவைத் திட்டியிருந்தார். கேட்டுக்கொண்டே இருந்தால் பெரிய கதவுகளும் மெல்லத் திறக்கும்.

ஆனால் பட்டியல்கள் குறையவில்லை. எந்தப் பழைய கார்ட்டுக்கு இனி டிரைவர் இல்லை என்ற பட்டியல் ஒவ்வொரு சில வருடமும் நீளும். 2021இல் 'கெப்ளர்' தலைமுறை கார்ட்களுக்குப் புதிய கேம் டிரைவர்கள் நின்றன. கார்ட் வேலை செய்யும், பெயர்தான் பட்டியலில் இருக்காது. அச்சுப்பொறியில் வேறு கம்பனியின் மை ஏற்காததும், தொலைபேசியில் வேறு திரை போட்டால் எச்சரிக்கை வருவதும் இதே கதையின் வேறு அத்தியாயங்கள்.

ஒரு கருவி "முடியாது" என்று சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, அதற்குப் பலம் இல்லை. மற்றது, அதை விட வேண்டாம் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். எது என்று கண்டுபிடிக்க நிபுணராக வேண்டியதில்லை. ஒரு எழுத்துக் கோப்பைத் திறந்து பொறுமையாக வாசித்தால் போதும். லப்டொப் வீடியோ டூ கோ குழுவில் இருந்தவர்களும் அப்படி வாசித்துத்தான் தொடங்கினார்கள்.

இன்றைக்கு ஒரு வேலை செய்து பாருங்கள். டிவைஸ் மனேஜரைத் திறந்து, உங்கள் கிராபிக்ஸ் கார்ட்டின் அடையாள எண்ணைக் கண்டுபிடியுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். 8086ஆ, 1002ஆ, வேறா என்று மட்டும் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.